இரண்டு கயிறு, ஒரு மடி

அன்பு மகன்,

கடிதத்தைப் பிரித்ததும் முதலில் எழுத்தைப் பார். ஒன்று ஒருபக்கம் சரிந்து நிற்கும், அடுத்தது வரியை விட்டு இறங்கிப் போகும், சில எழுத்துகள் அடிபட்டு வந்தவர்கள் மாதிரி வீங்கிக் கிடக்கும். அது என் கை. எழுதித் தர கோயில் உபதேசியார் இப்போது உயிரோடு இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எழுதித் தரவில்லை. எழுபது வயது தாண்டியபின் நானே குந்தியிருந்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போகும். கை உளைந்தால் எழும்பிப் போய் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து, எழுதியதை முதலிலிருந்து சத்தமாக வாசிப்பேன். நான் நினைத்தது அப்படியே கடதாசியில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, மகன். ஐம்பது வருசம் கடலில் பிடித்த எந்த மீனும் எனக்கு இந்தச் சந்தோசத்தைத் தரவில்லை.

போன மாதம் நீ கனடாவிலிருந்து போட்ட கடிதத்தையும் நானே வாசித்தேன். ஒன்றரை நாள் எடுத்தது. கலியாணத்தை இங்கே, நம் அந்தோனியார் கோயிலில் வைக்கப் போகிறாய் என்று வாசித்த இடத்தில் எழும்பி நின்றுவிட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மறுபடி குந்திவிட்டேன். "அப்பா, சவிரிமுத்து ஐயாவையும் கூப்பிடுவமா? அம்மா இருந்திருந்தால் கூப்பிடச் சொல்லியிருப்பா" என்று எழுதியிருந்தாய். இதே கேள்வியை நீ ரெலிபோனிலும் கேட்டாய். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இது அதற்கான பதில். இதை மறைத்து வைக்காதே. கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டில் சனம் கூடும்போது எல்லாருக்கும் கேட்கும்படி வாசி. நீ பிறக்கும் முன் ஒரு நாள் கோயில் முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் செத்துப் போனார்கள். மிச்சப் பாதிப்பேர் கேட்கட்டும். எனக்கு அதுவும் ஒரு பழிதீர்ப்பு.

நீ உன் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கரைவலையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். கரைவலை எப்படி இழுப்பது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். வலையைக் கடலில் வளைத்து விட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஒரு கயிற்றை இங்கே ஒரு கூட்டம் இழுக்கும், மற்றதை வெகுதூரம் தள்ளி இன்னொரு கூட்டம் இழுக்கும். மீன் சேர்கிற மடி நடுக்கடலில் கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. என் கயிற்றில் எனக்கு முன்னால் நின்று இழுத்தவன் சவிரிமுத்து. ஆறு வருசம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இழுத்திருக்கிறேன். அவன் முதுகில் எந்த இடத்தில் மச்சம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், கரையில் கிடந்த வலையின் மடியை யாரோ கத்தியால் கிழித்திருக்கிறார்கள். பெரிய கிழிசல், ஆள் நுழையலாம். சம்மாட்டி எல்லாரையும் கோயில் முற்றத்தில் கூட்டினார். "ஆராவது கண்டதோ?" என்று கேட்டார். சவிரிமுத்து முன்னால் வந்தான். "நான் கண்டனான். விடியேக்க சிவத்தத் துவாயோட ஒராள் வலையடியில குந்திக்கொண்டிருந்தது. இவன்தான்" என்று என்னைக் காட்டினான். காட்டியதோடு விடவில்லை. அந்தோனியாரின் காலில் கை வைத்துச் சத்தியம் செய்தான். தோளில் போடுகிற சிவப்புத் துவாய் என்னிடம் இருந்தது உண்மைதான். கரையில் பாதிப்பேரிடம் இருந்தது. அந்த விடியற்காலையில் நான் சத்தி எடுத்துக்கொண்டிருந்த உன் அம்மாவுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் கை வை" என்றார் சம்மாட்டி. நான் வைக்கப் போனேன். உன் அம்மா பின்னாலிருந்து என் சேட்டின் நுனியைப் பிடித்தாள். "வேண்டாம், வையாதேங்கோ. வயித்தில பிள்ளை கிடக்கேக்க சத்தியம் பண்ணப்படாது. மெய்யெண்டாலும் பண்ணப்படாது" என்றாள். நம் கரையில் அது ஒரு கட்டுப்பாடு, உனக்குத் தெரிந்திருக்காது. பிள்ளை பிறக்கும்வரை தகப்பன் எந்தச் சத்தியத்திலும் கை வைக்கமாட்டான். முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கட்டுப்பாடு தெரியும். உன் அம்மாவின் வயிறும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒவ்வொருவனும் தனக்கு வேண்டியதை நினைத்துக்கொண்டான். "கை வைக்க ஏலாதவன் கயிறு பிடிக்கவும் ஏலாது" என்று சம்மாட்டி முடித்துவிட்டார். அன்றைக்கு நான் வலை கிழித்த கள்ளன் ஆனேன். நான் வாய் திறக்காததற்குக் காரணம் நீ. இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. உனக்காகச் செய்தேன் என்று கணக்கும் காட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யாரும் என்னோடு கயிறு பிடிக்க வரவில்லை. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முருங்கன் பக்கம் வயல் வேலைக்குப் போனேன். கடல்காரனுக்குச் சேற்றில் என்ன தெரியும்? "நெல்லுக்கு நீச்சல் பழக்க வந்திருக்கிறார்" என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து நாற்றைச் செருகும்போதெல்லாம் சவிரிமுத்துவின் கழுத்தைத்தான் சேற்றுக்குள் செருகினேன். எனக்கு அந்த வேலை சீக்கிரம் பழகியதற்கு அதுதான் காரணம்.

நீ பிறந்த அன்று நான் தூரத்து வயலில் நின்றேன். ஆள் வந்து சொல்லி நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஆசுப்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மாவுக்கு இரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. "உங்கட கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து நிண்டவர். அவர்தான் ரத்தம் குடுத்தவர். பேர் சொல்லேல்லை. கருவாடு விக்க வந்த ஆள் போல, கருவாட்டு மணம் வீசினது" என்றாள் பிரசவம் பார்த்த மிஸி. நான் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். மன்னார் பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது, புழுதி இன்னும் அடங்கவில்லை. அந்தப் புழுதியைப் பார்த்துக் கும்பிட்டேன். அவன் முகம் எனக்குத் தெரியாது, உயரம் தெரியாது, கறுப்பா சிவப்பா தெரியாது. ஆனாலும் நான் கும்பிட்டது புழுதியை அல்ல, அவனை.

சில வருசம் கழித்து, சம்மாட்டி செத்தபின், ஊருக்குத் திரும்பி ஒரு சின்ன வள்ளத்தோடு தனியாகத் தொழில் தொடங்கினேன். அப்போதிருந்து ஒவ்வொரு வருசமும் இரண்டு பூசை ஒப்புக்கொடுத்தேன். ஒன்று நீ பிறந்த நாளில், முகம் தெரியாத அந்த மனிதனுக்காக. மற்றது சவிரிமுத்து சத்தியம் செய்த நாளில். பூசை எந்த வேண்டுதலுக்கு என்று கருத்துக் கொடுக்க உபதேசியாரிடம் போகவேண்டும். அவர் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். முதல் வருசம் நடந்தது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"என்ன கருத்து?" என்றார்.

"சவிரிமுத்து கடலுக்குப் போனால் திரும்பி வரப்படாது எண்டு எழுதுங்கோ."

"இது அந்தோனியார் கோயில். சூனியக்காரன் வீடில்லை."

"நீங்கள் எழுதுங்கோ உபதேசியார். அந்தோனியார் யோசிச்சுச் செய்யட்டும்."

அவர் பேனையைத் திறந்து எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் நான் சொல்ல அவர் எழுதினார். பேனை கடதாசியில் உரசுகிற சத்தத்தைக் கேட்க எனக்கு நெஞ்சு குளிரும். பூசை வைக்கிற சுவாமி "ஒரு விசேஷ கருத்துக்காக" என்று மட்டும் சொல்வார். நான் முழங்காலில் நின்று கண்ணை மூடி, அவன் வள்ளம் கவிழ்வதை ஒவ்வொரு பலகையாகப் பார்ப்பேன். உன் அம்மா பக்கத்தில் நின்று அழுவாள். எனக்கு நடந்த அநியாயத்தை நினைத்து அழுகிறாள் என்று இருந்தேன். சவிரிமுத்து ஒவ்வொரு வருசமும் கடலுக்குப் போனான், திரும்பி வந்தான், போதாக்குறைக்குக் கொழுத்தும் போனான். அந்தோனியாருக்கு வேலை கூட என்று நினைத்துக்கொண்டேன். சண்டை வந்து, இடம்பெயர்ந்து, ஊர் ஊராகத் திரிந்த வருசங்களில் பூசை கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த நாள் வந்தால் எங்கே இருந்தாலும் முழங்காலில் நின்றேன். வீட்டை விட்டு ஓடும்போது பெட்டியை விட்டேன், வலையை விட்டேன். கோபத்தை விடவில்லை. அதற்குப் பாரம் இல்லை.

உனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள் நாக்கெல்லாம் ஊதாவாக வந்து நின்றாய். சவிரிமுத்து உனக்கு ஒரு கை நாவற்பழம் கொடுத்திருக்கிறான். நான் பூவரசம் தடியை முறித்து அடித்தேன். "அவன் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். "தெரியாது அப்பா, தெரியாது" என்றாய். உண்மையில் உனக்குத் தெரியாதுதான். அன்றிலிருந்து அவனைக் கண்டால் நீ தலையைத் திருப்பிக்கொண்டு போனாய். ஊர் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் பட்டம் கட்டிக் கொடுப்பான், நீ மட்டும் தள்ளி நிற்பாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் அது நான் செய்த பிழை. என் கயிற்றின் அடுத்த முனையில் ஒரு ஆள் இருந்தான். உன் கையில் நான் தந்த கயிற்றில் எதுவும் கட்டியிருக்கவில்லை. வெறுங்கயிற்றை முப்பது வருசம் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்காக என்னை மன்னி. அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

சவிரிமுத்துவும் நானும் நேரே பேசுவதில்லை. ஆனால் பேசாமலும் இருந்ததில்லை. அவனுக்கு ஒரு நாய் உண்டு, எனக்கு ஒரு சைக்கிள் உண்டு. கடைவாசலில் இரண்டு பேரும் நின்றால் அவன் நாயிடம் சொல்வான், நான் சைக்கிளிடம் சொல்வேன். நான் படிக்கப் போகத் தொடங்கிய புதிதில், கொப்பியைக் கையில் கண்டுவிட்டு, "நாயே, பாத்தியோ? கிழடுகள் இப்ப சின்னப்பிள்ளையள் மாதிரி முதல் நன்மைக்கு ஆயத்தம் பண்ணுதுகள்" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சைக்கிளே, எழுத்துத் தெரியாதவன் நாயோடதான் கதைக்கவேணும், வேற ஆர் கேப்பினம்?" என்று நான் சொன்னேன். அவனுக்கும் எழுத்து வாசனை கிடையாது. இரண்டு பேரும் ஒரே வயதில் கயிறு பிடிக்கப் போனவர்கள். அவன் சொல் நாயைப் பார்த்துப் போனது. ஆனால் அந்த நாய்க்கு ஒரு சொல்லும் படவில்லை, எனக்குத்தான் பட்டது. சொல் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்பது ஒன்று, நெஞ்சு யாரைப் பார்த்துச் சொல்கிறது என்பது வேறு. இதை நான் அந்த நாயிடம் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் படிக்கப் போனேன் என்று நீ கேட்கவில்லை, நல்லதற்குத்தான் என்று நினைத்திருப்பாய். உபதேசியார் போன வருசம் செத்துப்போனார். அந்தக் கருத்தை இனி யார் எழுதுவார்கள்? புதுச் சுவாமி இளம் ஆள், கேட்டால் எனக்குப் பிரசங்கம் வைப்பார். ஆகவே நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். உப்புக்குளத்தில் ஹனீபா மாஸ்டர் இருக்கிறார். இருபது வருசம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், ரிட்டையர் ஆகியும் கற்பிக்காமல் இருக்க முடியாத மனிதர். பின்னேரத்தில் அவர் வீட்டு விறாந்தையில் போய்க் குந்துவேன். முதல் நாளே கேட்டேன்.

"மாஸ்டர், முதல்ல ஒரு பேர் எழுதக் காட்டித் தாங்கோ."

"உங்கட பேரா?"

"இல்லை. சவிரிமுத்து."

"ஆரது, மகனா?"

"ஒரு நாய்."

"நாய்க்கு இவ்வளவு பெரிய பேரா?" என்றார் அவர்.

மூன்று கிழமையில் அந்தப் பெயரைப் பார்க்காமல் எழுதினேன். என் பெயரை எழுதவில்லை, உன் பெயரை எழுதவில்லை, அவன் பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேல் துப்பினேன். மாஸ்டர் கொப்பியைப் பிடுங்கித் துடைத்தார். "கொப்பிக்குத்தான் எச்சில் பட்டது. அவருக்கு ஒண்டும் படேல்லை" என்றார்.

"அப்ப இந்த எழுத்துக்குள்ள அவன் இல்லையோ?"

"எழுத்துக்குள்ள மைதான் இருக்கு."

"அப்ப அவன் எங்க இருக்கிறான்? என்ர மண்டைக்குள்ளயோ?"

"அங்கயும் இல்லை. அவர் உங்கட ஊர்ல சாப்பிட்டுட்டுச் சும்மா படுத்திருப்பார். உங்கட மண்டைதான் அவரைப் பாத்துக்கொண்டே இருக்கு. ரீயைக் குடிங்க, ஆறுது."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே யோசித்தேன். வயிற்று வலி எதைப் பற்றியும் இல்லை, அது சும்மா வலிக்கிறது. கோபம் அப்படிச் சும்மா வராது. யார்மேல் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பயமும் அப்படித்தான், ஆசையும் அப்படித்தான், நினைப்பு எல்லாமே அப்படித்தான். ஏதோ ஒன்றைப் பார்த்து நிற்காமல் அதற்கு நிற்க முடியாது. உன் அம்மா போய் ஐந்து வருசம். அவள் எங்கும் இல்லை, ஆனால் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது என் நினைப்பு அவளிடம்தான் போகிறது. ஆள் இல்லாத இடத்துக்கும் அது போய் நிற்கும். வேறு ஒன்றும் கண்டேன். கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன கயிறு சுருண்டு அச்சொட்டாக 'ஒ' மாதிரிக் கிடந்தது. நான் அதை 'ஒ' என்று வாசித்தேன். ஆனால் கயிறு எதையும் சொல்ல நினைக்கவில்லை. எழுதுகிறவன் நெஞ்சில் ஒன்று இருந்தால்தான் கோடு எழுத்து ஆகிறது. மைக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது, கடன் வாங்கியதுதான். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். "இதைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் புத்தகம் புத்தகமா எழுதி வச்சிருக்காங்க" என்றார். எழுதட்டும். அவர்களுக்குச் சவிரிமுத்து இல்லை. எனக்கு இருந்தான், ஆகவே கெதியாகப் பிடிபட்டது.

நன்றாக வாசிக்க வந்ததும் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் எழுதியிருந்ததை ஒரு எழுத்தும் பிசகாமல் பார்த்து எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. புதுச் சுவாமி அலுமாரியைத் திறந்து பழைய கொப்பிகளைத் தந்தார். ஓரமெல்லாம் கறையான் தின்றிருந்தது, நடு மிஞ்சியிருந்தது. நான் கோயில் வாங்குப் பலகையில் குந்தி விரலை வைத்து வாசித்தேன். சத்தியம் செய்த நாளின் பக்கத்தை எடுத்தேன். என் பெயர் இருந்தது. அடுத்தது சவிரிமுத்துவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எந்த இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வேன். அதற்குப் பிறகு கிடந்த சொற்களை எழுத்துக் கூட்டினேன். 'சவிரிமுத்துவின் உடல் நலத்துக்காக.' பிழையாக வாசிக்கிறேன் என்று மூன்று தரம் வாசித்தேன். பிறகு சுவாமியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவரும் அதையே வாசித்தார். அடுத்த வருசமும் அதே வரி. அதற்கடுத்த வருசமும் அதே வரி. மகன், நான் அவனைக் கடலில் தாழ்க்கத் தாழ்க்க அந்த மனிதர் அவனைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். அவன் ஏன் கொழுத்தான் என்று அப்போது விளங்கியது.

உபதேசியாரின் கல்லறையில் போய் நின்று ஏசத்தான் எழும்பினேன். அப்போது கண்ணில் பட்டது நீ பிறந்த நாளின் பக்கம். அந்த இரண்டு வரியிலும் ஒரு சொல் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதை எழுத்துத் தெரியாத காலத்திலேயே நான் கண்டிருக்கிறேன். எல்லா எழுத்தும் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். இப்போது வாசித்தேன். 'இரத்தம் கொடுத்த சவிரிமுத்துவுக்காக நன்றிப் பூசை.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'பெயர் மனைவி சொன்னபடி. கணவருக்குச் சொல்ல வேண்டாமாம்.'

உன் அம்மா கண் விழித்தபோது அவனைக் கண்டிருக்கிறாள். சொல்லாதே என்று அவன் கேட்டிருப்பான். அல்லது இவளே பயந்திருப்பாள், நான் அந்த இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வெளிக்கிட்டாலும் வெளிக்கிடுவேன் என்று. வருசத்தில் ஒரு நாள் பக்கத்தில் முழங்காலில் நின்று அவள் அழுதது எனக்கு நடந்ததை நினைத்து அல்ல. நான் யாரைச் சபிக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சபித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அழுதிருக்கிறாள். நீ கலியாணம் கட்டப் போகிறாய். பொஞ்சாதி அழுதால் காரணம் தெரியும் என்று இருந்துவிடாதே, கேள். அவள் கண்ணீர் எதைப் பார்த்து நிற்கிறது என்று கேட்காமல் முப்பது வருசம் பக்கத்தில் நின்ற முட்டாள் சொல்கிறேன்.

ஒரு கயிற்றில் அவனைச் சபித்தேன், மறு கயிற்றில் அவனைக் கும்பிட்டேன். இரண்டு கயிறும் தூரத் தூர நின்றன, இரண்டையும் நானே இழுத்தேன், மடி ஒன்று. சவிரிமுத்துவை நீ நேசிக்கிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவன் முகத்தில் துப்பியிருப்பேன். உன் பிள்ளைக்குத் தாயைத் தந்தவனை நேசிக்கிறாயா என்று கேட்டிருந்தால் அந்த முகம் தெரியாதவனின் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் பொய் இல்லை. ஒரே ஆளை இரண்டு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்த நெஞ்சுக்கு, ஆள் ஒன்று என்று தெரியாமல் போய்விட்டது.

இதை வாசிக்கிறபோது, அப்பாவின் கோபம் ஆறிவிட்டது என்று நினைப்பாய். ஆறவில்லை. கூடிவிட்டது. முன்பு அவன் என் பெயரை மட்டும் எடுத்திருந்தான். இப்போது என் கோபத்தையும் எடுத்துவிட்டான். எனக்கென்று இருந்த ஒரே சொத்து அது. அவன் இரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனது பெரிய மனசு என்று சொல்வார்கள். நான் சொல்கிறேன், அது கோழைத்தனம். என் முன்னால் வந்து நிற்கப் பயந்து உன் அம்மாவின் நரம்புக்குள் ஒளித்துக்கொண்டான். கள்ளன் என்று ஊருக்கு முன்னால் சொன்ன வாய், கள்ளன் இல்லை என்று அதே ஊருக்கு முன்னால் சொல்லவில்லை. ஒரு போத்தல் இரத்தம் ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

கொப்பியை வாசித்த அடுத்த நாள் கடைவாசலில் அவனைக் கண்டேன். நாயும் நின்றது. நான் சைக்கிளைப் பார்த்துச் சொன்னேன்: "சைக்கிளே, முருங்கன் பக்கத்தில ஒருக்கா ஆரோ ரத்தம் குடுத்திட்டு பஸ் ஏறி ஓடினவையாம்." அவன் கையில் இருந்த பாண் ரொட்டி ஒருபக்கம் சரிந்தது. "நாயே, வா, வீட்டை போவம்" என்றான். அந்தச் சொல் மட்டும் உண்மையாகவே நாய்க்குச் சொன்ன சொல். நான் வீடுவரை சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

சத்தியம் செய்த நாள் போன கிழமை வந்தது. கோயிலுக்குப் போய் நானே கொப்பியை விரித்து, நானே பேனையைப் பிடித்து, என் பெயரை எழுதி, அவன் பெயரை எழுதினேன். அதற்கு அப்பால் கை போகவில்லை. தாழ்க்க என்று எழுத முடியவில்லை, உனக்குத் தாயைத் தந்தது அவன் இரத்தம். நலத்துக்கு என்று எழுதவும் முடியவில்லை, அவன் கை இன்னும் அந்தோனியாரின் காலில் இருக்கிறது. பெயரோடு விட்டுவிட்டு எழும்பினேன். சுவாமி பார்த்துவிட்டு, "ஐயா, என்ன கருத்தெண்டு எழுதேல்லையே?" என்றார். "ஆள் ஆரெண்டு எழுதிக் கிடக்குது சுவாமி. மிச்சம் என்னட்ட கிடக்குது. அது முடிஞ்சாப் போல எழுதுவன்" என்று சொன்னேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கூப்பிடுவோம். ஆனால் நான் சொல்கிறபடி. நீ வந்து இறங்கிய அடுத்த நாள், இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிற சின்னத் துண்டை அவனிடம் கொண்டுபோய்க் கொடு. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அவன் பிள்ளைகள் பிரான்சில். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கவும் மாட்டான், அதில் என்ன இருக்குமோ என்ற பயம் அவனை விடாது. நீ ஒன்று மட்டும் சொல்: "அப்பா எழுதினவர். வந்தால் அப்பாவே வாசிச்சுக் காட்டுவார்." அவ்வளவுதான். நாவற்பழம் தந்தால் வாங்கிச் சாப்பிடு.

அவன் வருவான். அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு, நாயை வாசலில் விட்டுவிட்டு, என் முற்றம் தாண்டி வந்து என் கதிரைக்கு முன்னால் நிற்பான். நான் உடனே வாசிக்கமாட்டேன். கண்ணாடியைத் தேடுவேன். துடைப்பேன். துண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பேன். அன்று முற்றத்தில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது போல அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் வாசிப்பது அதில் எழுதியிருப்பதுதானா என்று அந்த நேரம் அவனுக்குத் தெரியாது. உபதேசியாரை நம்பி நான் இருந்தது போல என்னை நம்பி அவன் இருக்கவேண்டும். இந்த வயதில் இதைவிடப் பெரிய பழிதீர்ப்பு எனக்குத் தெரியாது.

உனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் நீ பிரித்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. 'சவிரிமுத்து, அன்றைக்கு விடியற்காலையில் நீ கண்டது என்னையா, ஒரு சிவப்புத் துவாயையா? கலியாணத்துக்கு வந்து அதைச் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு, என் பக்கத்துக் கதிரையில் இரு.'

கரைவலை இழுக்கும்போது மடி கரையை நெருங்க நெருங்க, தூரத் தூர நிற்கிற இரண்டு கூட்டமும் அடி அடியாக ஒன்றையொன்று நோக்கி நடந்து வரும். கடைசியில் தோளோடு தோள் நிற்கும். மடி வெளியே வரும்வரை யாரும் கயிற்றை விடுவதில்லை. நானும் விடவில்லை. அவன் வாயைத் திறக்கட்டும். அவன் சொல்வதைக் கேட்ட பிறகு, நீயும் உன் பொஞ்சாதியாக வருகிறவளும் மோதிரம் மாற்றுகிற அதே காலையில், நான் போய் அந்தக் கொப்பியில் அவன் பெயரோடு விட்ட இடத்திலிருந்து எழுதுவேன்.

என் கைப்பட,
அப்பா